என் கையெழுத்து செல்லாத நாள்

கண்ணு கதிர்,

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டாய். உனக்காக வைத்த மொச்சைக் குழம்பை அப்பாவும் நானும் மறுநாளும் வைத்துச் சாப்பிட்டோம். அன்று மலைப்பாதையில் நீ பாதி வளைவுகளைத் தாண்டியிருப்பாய் என்று தோன்றிய நேரத்தில் அவர், "கோவத்துல வண்டி ஓட்டறான், பாத்துப் போகோணும்" என்றார். அடிவாரம் சேர்ந்துவிட்டேன் என்று நீ அனுப்பிய ஒற்றை வரியைக் காட்டிய பிறகுதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். உன்னிடம் போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பேசும்போது இப்போதெல்லாம் சொற்கள் என்னிடமிருந்து வழுக்கிக்கொண்டு போகின்றன. நான் தேடி நிற்கும்போது நீ ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறாய். அது நான் தேடிய சொல்லாகச் சில சமயம் இருப்பதில்லை, ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு வரிக்கு ஒரு காலைப்பொழுதே ஆனாலும் உனக்குத் தெரியப்போவதில்லை.

இதை நீ முதலில் படி. உனக்குச் சம்மதமானால் பிறகு மற்றவர்களும் படிக்கட்டும். வீட்டில் என்னைப் போல ஒருத்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் எங்கோ இருப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் கேள்வி நியாயமானது. உன் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரன் தன் கணினித் திரையைத் திருப்பி, "இது உங்கம்மா பேர் மாதிரி இருக்கே" என்று காட்டியிருக்கிறான். உன் அம்மா, இணையத்தில் முகம் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களுக்கு எழுதியிருந்த கடிதம் அது. தனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது, தன் வேலையை இனி யாரும் சரிபார்க்காமல் ஏற்கக் கூடாது என்று எழுதியிருந்தாள். நீ நின்றுகொண்டே அதைப் படித்ததாகச் சொன்னாய். அன்று சாயங்காலம் போனில் நீ கேட்டது என் காதில் அப்படியே இருக்கிறது. "ஏம்மா, ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு, எனக்கு ஆபீஸ்ல ஒருத்தன் காட்டித்தான் தெரியோணுமா?" அதற்கு நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லப் பார்க்கிறேன். பதில் அவ்வளவு நன்றாக இருக்காது.

இந்தக் கணினி வேலைக்குள் என்னை இழுத்துவிட்டவனே நீதான். கல்யாணத்துக்கு முன்னால் அடிவாரத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்தியவள் நான். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு மலைமேல் குண்டூர் நாடு என்ற இந்த ஊர்ப்பக்கத்துக்கு ஏறி வந்த பிறகு மிளகும் மரவள்ளியும் நீயுமாக என் நாட்கள் போயின. கணினி வீட்டில் ஒரு மூலையில் இருந்தது, அவ்வளவுதான். நீ கல்லூரியில் படிக்கும்போது ஒரு பொங்கல் விடுமுறைக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கணினிப் போர்டைக் கொண்டு வந்தாய். கணினிக்கு மூளை போன்றது செயலி, அதில் ரிஸ்க்-ஃபைவ் என்று ஒரு புதுவகை வந்திருக்கிறது, அதன் அடிப்படை யாருக்கும் தனிச் சொத்தில்லை, எவர் வேண்டுமானாலும் அதை வைத்துச் சில்லு செய்யலாம் என்று விளக்கினாய். "நம்ம லினக்ஸ் இதுல ஓடுமா?" என்று கேட்டேன். "அரைகுறையாத்தான் ஓடும்மா. முழுசா யாரும் பண்ணல" என்றாய். யார் பண்ண வேண்டும் என்று கேட்டதற்கு, "யாரு வேணும்னாலும் பண்ணலாம்" என்று சிரித்துவிட்டு அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனாய். உனக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அதற்கு முன் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனி மொழி. ஒன்றுக்காகக் கட்டிய நிரல் இன்னொன்றுக்குப் புரியாது. கணினியை இயக்கும் லினக்ஸ் தொகுப்பு என்பது ஆயிரக்கணக்கான நிரல்கள் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம். புதுச் செயலி ஒன்று வந்தால் அத்தனையையும் அதன் மொழியில் திரும்பக் கட்ட வேண்டும். பெரும்பாலானவை பேசாமல் கட்டிக்கொள்ளும். சில அடம்பிடிக்கும். நான் முதன்முதலில் பிடித்த பிழை உனக்கு நினைவிருக்கும். நம் தமிழ் எழுத்துகளைத் திரையில் கோக்கும் ஒரு சின்ன நிரல் அந்தப் போர்டில் ஏறியதும் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தை வைக்கும் இடத்தில் கழித்தல் ஒன்று (-1) என்ற எண்ணையும் வைக்கலாம் என்று பழைய செயலிகளில் இருந்த வழக்கத்தை நம்பி யாரோ எழுதியிருந்தார்கள். கோப்பு முடிந்துவிட்டது என்பதற்கு அந்தக் கழித்தல் ஒன்றுதான் அடையாளம். புதுச் செயலியில் அந்த வழக்கம் கிடையாது. அதனால் முடிவு வந்தும் அது முடிவைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சொல்லை மாற்றினேன், நின்றது. அன்றைக்கு அப்பாவைக் கூப்பிட்டு, திரையில் "அ" என்ற எழுத்து வந்து நிற்பதைக் காட்டினேன். "இதுக்கா இத்தன நாளு?" என்றார்.

அந்தத் திருத்தத்தைத் தொகுப்பை நடத்துகிறவர்களுக்கு அனுப்பியபோதுதான் தோமாஸைத் தெரிந்துகொண்டேன். எங்கோ குளிர் நாட்டில் டிராம் ஓட்டுகிறவன். இந்தச் செயலிக்குத் தொகுப்பைக் கொண்டுவரும் வேலையை அவன் முன்னின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டான். பிறகு அய்னூர் வந்தாள், மத்திய ஆசியாவில் படித்துக்கொண்டிருக்கும் பெண். எங்கள் மூவருக்கும் சம்பளமில்லை, மேலதிகாரியில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. தினமும் எழுதிக்கொள்வோம். நான் பல வருடம் வேலை செய்த பிறகு தொகுப்பை நடத்துகிறவர்கள் என்னிடம் கையெழுத்துச் சாவியைக் கொடுக்கலாம் என்றார்கள். அது ஒரு மின்சாவி. நான் கட்டிய நிரலில் அதைக் கொண்டு முத்திரை வைத்தால், உலகத்தில் அந்தத் தொகுப்பைப் பயன்படுத்தும் எல்லா இயந்திரமும் கேள்வி கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில், எங்கோ ஒரு கப்பலில், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் வீட்டில்.

அந்தச் சாவிக்காகப் பெங்களூர் வந்தேன் அல்லவா? நான் நான்தான் என்று ஏற்கெனவே தொகுப்புக்குள் இருக்கும் இரண்டு பேர் நேரில் பார்த்து உறுதி சொல்ல வேண்டும் என்பது விதி. நீ என்னை ஒரு கல்லூரியின் பின்கட்டில் இருந்த அறைக்குக் கூட்டிப் போனாய். அங்கிருந்த பையன்கள் என் வாக்காளர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதிலுள்ள போட்டோவில் நான் யாரோ போல இருந்தேன். ஒருவன் தயங்கி, "இது நீங்கதானா?" என்று கேட்டான். "எங்கம்மாதாங்க, நான் சாட்சி" என்று நீ முந்திக்கொண்டு சொன்னாய். மகன் சாட்சி செல்லாது என்று அவன் சிரித்தான். வெளியே வந்து நீ வெகுநேரம் அதையே சொல்லிக் கேலி செய்தாய். அன்று நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்று கேட்காமல், என் கையெழுத்து என்ற ஒன்றை மட்டும் நம்பி ஒரு பொறுப்பு என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை.

இப்போது நோய்க்கு வருகிறேன். சோளக்காடு சந்தையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் பலாப்பழக் கடைகளுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். அதை நான் பொருட்படுத்தவில்லை. இந்த வயதில் எல்லோரும் நிற்பார்கள். அய்ப்பசி மழையில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தேன். தை பிறந்த பிறகு அதே பிழையைப் புதிதாகக் கண்டுபிடித்து, அதே திருத்தத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், துள்ளலோடு திரும்ப அனுப்பினேன். தோமாஸ் எனக்குத் தனியாக எழுதினான்: "இதை நீயே முன்பு அனுப்பிவிட்டாய். கொஞ்சம் ஓய்வெடு." அதற்கும் சிரித்துவிட்டேன். மறப்பது எனக்குப் பயமாக இல்லை, கண்ணு. மறந்தது மறந்ததுதான், அந்த இடம் காலியாக இருக்கும். காலி என்று தெரிந்தால் யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

என்னை உலுக்கியது வேறு. தொகுப்பின் அடுத்த பதிப்பு வெளியீடு நெருங்கிக்கொண்டிருந்தது. மின்சாரம் கொடுத்ததும் கணினி எழும்பும்போது முதலில் ஓடும் ஒரு நிரலைக் கட்டினேன். போர்டில் ஏற்றிப் பார்த்தேன், சரியாக எழும்பியது, திரையில் வரிகள் ஓடின, ஜன்னல் பக்கம் அப்பா மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். அதன் பிறகு முத்திரை வைத்து அனுப்பினேன். மறுநாள் அய்னூரின் இயந்திரம் எழும்பவில்லை. அவளிடம் இருப்பது அது ஒன்றுதான், பரீட்சைக்கு எழுதி வைத்ததெல்லாம் அதில்தான். தோமாஸ் என் நிரலைத் திரும்பப் பெற்றுப் பழையதை ஏற்றினான். அய்னூர் இரண்டு நாள் போராடித் தன் எழுத்துகளை மீட்டுக்கொண்டாள். எல்லோருக்கும் நடப்பதுதான் அக்கா என்று எழுதினாள். அந்த "அக்கா"தான் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல். ஆனால் எனக்குப் புரியவில்லை, என் போர்டில் எழும்பியது அவளுடையதில் ஏன் எழும்பவில்லை? என் இயந்திரம் தானாகக் குறித்து வைக்கும் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அன்று அந்தப் போர்டை நான் தொடவேயில்லை. சோதனை நடக்கவேயில்லை. வரிகள் ஓடியது, அப்பா மிளகு உலர்த்தியது, எல்லாம் எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருந்தது. அவரிடம் போய்க் கேட்டேன். "ஏனுங்க, போன வியாழன் ஜன்னல் பக்கமா மிளகு காயப்போட்டீங்களா?"

"வியாழனா? அன்னிக்கு மழையல்லோ புள்ள. நான் எங்க காயப்போட்டேன்?"

நடக்காத ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்ததாக நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் முத்திரை வைத்திருக்கிறேன். அப்பா அருகில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளாக அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குழம்பில் இரண்டு முறை உப்பு விழுவதையும், அவர் சாப்பிடாதபோதும் சாப்பிட்டுவிட்டார் என்று நான் அடித்துச் சொல்வதையும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். "சேலத்துக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றார்.

சேலத்தில் மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி, வேறு ஏதேதோ பேசிவிட்டு, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டைச் சரியாகச் சொன்னேன். மூன்றாவதையும் தயங்காமல் சொன்னேன். அந்தச் சொல்லை அவர் சொல்லவேயில்லையாம். படமெல்லாம் எடுத்துப் பார்த்த பிறகு தொடக்க நிலை என்றார். மெதுவாகத்தான் போகும், மாத்திரை இருக்கிறது, ஆனால் திரும்பி வராது. "வேலைய நிறுத்தாதீங்கம்மா. ஆனா தனியா செய்யாதீங்க" என்றார். மலையேறும் பஸ்ஸில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூட பஸ்ஸில் அப்படிப் பிடித்ததில்லை. "கதிருக்குச் சொல்லிப்போடலாம்" என்றார். "இப்ப வேண்டாங்க" என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? இதைத்தான் நீ கேட்கிறாய். வெளியீட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது, இன்னொரு முறை நடக்காத சோதனையை நம்பி நான் முத்திரை வைத்தால் அது அப்படியே உலகத்துக்குப் போய்விடும், அதனால் தொகுப்பில் இருப்பவர்களுக்கு உடனே சொல்லியாக வேண்டியிருந்தது. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதி இது: அவர்களிடம் சொன்னால் அது ஒரு சாவியைப் பற்றிய செய்தி. ஒருத்தியின் முத்திரை பழுதாகிவிட்டது, சரிபார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான். உன்னிடம் சொன்னால் அது உன் அம்மாவைப் பற்றிய செய்தியாகிவிடும். நீ என்னைப் பார்க்கும் பார்வை அந்த நிமிடத்தோடு மாறும். நான் ஒன்றைச் சொன்னால் அது நடந்ததா என்று உன் மனது ஓரமாக ஒருமுறை யோசிக்கும். அதைத் தள்ளிப்போட்டேன். அவர்களுக்கு எழுத எனக்குத் தைரியம் இருந்தது, உனக்கு எழுத இல்லை. பிறகு அந்தக் கடிதம் உன் பக்கத்து இருக்கை வரைக்கும் நடந்து வரும் என்று நான் நினைக்கவில்லை. சில்லு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் நீ, உன்னைச் சுற்றி இருப்பவர்கள் அதைப் படிக்காமல் வேறு யார் படிப்பார்கள்? இது கூடத் தோன்றவில்லை என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நீ முழுவதும் படித்திருக்க மாட்டாய், கோபத்தில் பாதியில் மூடியிருப்பாய். நிறையப் பேர் அன்பாக எழுதினார்கள். தோமாஸிடமிருந்து மறுநாள் ஒரு வரி வந்தது: "எந்தெந்த நிரல்களை நான் கவனமாகப் பார்க்க வேண்டும், சொல்." எனக்கு அதில்தான் அழுகை வந்தது. ஒருவர் மட்டும், அனுதாபம் எல்லாம் சரி, இவர் கடந்த ஒரு வருடத்தில் முத்திரை வைத்த அத்தனையையும் திரும்பச் சோதிக்காமல் வெளியீடு கூடாது என்று எழுதினார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அய்னூர் அவரோடு சண்டைக்கே போய்விட்டாள். நான் அவளைத் தடுத்து, அவர் சொல்வதுதான் சரி என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். அவர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார்கள். தங்கள் சாயங்காலங்களையும் விடுமுறைகளையும் போட்டு என் வேலையைச் சோதித்தார்கள். அய்னூரின் இயந்திரத்தை விழ வைத்தது போல இன்னும் இரண்டு இருந்தன. நான் சோதித்தேன் என்று எழுதியிருந்தேன், சோதிக்கவில்லை. அவர்கள் பார்த்திருக்காவிட்டால் அவை போயிருக்கும்.

உனக்கு ஏதாவது புத்தி சொல்ல எனக்கு உரிமை இருந்தால், இதை மட்டும் சொல்கிறேன். உன்னைச் சரிபார்க்கிறவன் உனக்கு எதிரியில்லை. என் மேல் அன்பு வைத்தவர்கள்தான் என் வேலையைச் சந்தேகப்பட்டுத் தோண்டிப் பார்த்தார்கள், இரண்டையும் ஒரே கையால் செய்தார்கள். இதற்கு முன் நம் வீட்டில் நாம் அப்படி இருந்ததில்லை. அப்பா குழம்பில் உப்பு கூடியதைச் சொல்லாமல் சாப்பிட்டார், நான் உன்னிடம் நோயைச் சொல்லாமல் மறைத்தேன், நீ வருத்தத்தைச் சொல்லத் தெரியாமல் கோபமாகச் சொன்னாய். ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாது என்றே நாம் மூவரும் ஒருவருக்கொருவர் உண்மையைத் தராமல் வைத்துக்கொண்டோம். உன் கல்யாணத்துக்குப் பிறகாவது உன் வீட்டில் அப்படி இருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நீ பெங்களூர் டாக்டரின் பெயரோடு வந்தாய். உன் வீட்டில் எங்களுக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. நான் யோசிக்கிறேன் என்று சொன்னதும் உனக்குத் தாங்கவில்லை. "என்னம்மா யோசிக்கோணும்? சம்பளமில்லாத வேலைக்கு மண்டையக் கரைச்சு இப்பிடி ஆயிட்ட. இதுதான் உன்ன இப்பிடி ஆக்கிச்சு" என்று சொல்லி, அலமாரியில் நான் ஒவ்வொன்றாகச் சேர்த்து அடுக்கியிருந்த போர்டுகளின் மின்கம்பியை ஒரே இழுப்பில் பிடுங்கினாய். அந்தச் சின்ன விசிறிகள் எல்லாம் நின்றுபோயின. அவை ஓடும் சத்தம் வீட்டில் இருந்தது என்றே அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"அதைய மாட்டு சாமி."

"அப்பா, உங்களுக்கு இதப்பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உங்கம்மா காத்தால எந்திரிச்சா அங்கதான் போறா. அது தெரியும். மாட்டு."

நீ மாட்டவில்லை. கார்ச் சாவியை எடுத்துக்கொண்டாய். அப்பாதான் பிறகு குனிந்து, எந்தக் கம்பி எங்கே என்று தெரியாமல் என்னைக் கேட்டுக் கேட்டு மாட்டினார். நாலு நாளாகக் கட்டிக்கொண்டிருந்த பெரிய நிரல் ஒன்று முதலிலிருந்து தொடங்கியது. அதில் எனக்குக் கோபம் இல்லை. அது பாட்டுக்கு ஓடி முடித்துவிடும். இந்த வேலை என் நோயைக் கொண்டுவரவில்லை, கண்ணு. டாக்டரிடம் அதையும் கேட்டேன். இந்த வேலை இல்லாமலிருந்தால் நோய் இருப்பதே எனக்கு வெகுநாள் தெரிந்திருக்காது. சமையலறையில் நான் சோதித்தேனா இல்லையா என்று பதிவு வைக்க யார் இருக்கிறார்கள்? பெங்களூர் வரமாட்டேன் என்றும் நான் சொல்லவில்லை. இப்போது இங்கே என் கால்களுக்கு வழி தெரிகிறது, கொல்லையிலிருந்து அடுப்படி வரை யோசிக்காமல் நடக்கிறேன். அது தெரியாமல் போகும் நாளில் நீயும் அப்பாவும் முடிவு செய்யுங்கள், நான் தடுத்தாலும் கேட்க வேண்டாம்.

இனி நான் உன்னிடம் கேட்கப்போகும் காரியம். இந்தச் செயலிக்கு முத்திரை வைக்கும் உரிமை இப்போது தோமாஸுக்கும் எனக்கும்தான் இருக்கிறது. அய்னூருக்கு அந்த உரிமை வரக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரை தோமாஸ் ஒருவனே டிராமும் ஓட்டி இதையும் தூக்க முடியாது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அய்னூர் படித்துப் பார்த்து, தன் இயந்திரத்தில் சோதித்து, தோமாஸும் சரி என்ற பிறகே நான் முத்திரை வைப்பேன். அய்னூருக்கு உரிமை வந்த அன்று நான் நிறுத்திக்கொள்வேன் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நாளில் இருக்கப்போகிறவள் இந்தக் கடிதத்தை எழுதுகிறவளாக இருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவள் நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்பாள். அதை நம்பியே சொல்வாள்.

ஒவ்வொரு சாவியோடும் ஒரு ரத்துச் சான்று உண்டு, உனக்கே தெரியும். சின்னக் கோப்பு. அதை வெளியிட்டால், இனி இந்தக் கையெழுத்தை யாரும் நம்ப வேண்டாம் என்று உலகம் முழுக்க அறிவித்ததாகிவிடும். திரும்பப் பெற முடியாது. அதன் ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு உனக்குக் கொடுக்கிறேன். தோமாஸிடம் கொடுத்திருக்கலாம். அவன் என்னை எழுத்தில் மட்டும் அறிந்தவன், எழுத்தில் நான் இன்னும் கொஞ்ச காலம் எல்லோரையும் ஏமாற்றிவிடுவேன். இந்தக் கடிதத்தைப் பார், எவ்வளவு நேராக இருக்கிறது! இதற்கு எத்தனை காலைப்பொழுதுகள் ஆயின என்று உனக்குத் தெரியாது. என் குரலைக் கேட்கிறவன் நீ. நான் சொல்லைத் தேடுவது உனக்கு முதலில் தெரியும். நடக்காததை நடந்ததாக நான் சொல்லும்போது, அன்று அங்கே இருந்தவன் நீயாக இருப்பாய்.

அதனால் நாள் எதுவென்று நீ முடிவு செய். என்னிடம் கேட்காதே. கேட்டால் அழுவேன், திட்டுவேன், பெற்ற தாயை ஊர் முன்னால் செல்லாக்காசாக்குகிறாயா என்றுகூடக் கேட்பேன். அப்போது பேசுகிறவளை நம்பாதே, இப்போது எழுதுகிறவளை நம்பு. செய்து முடித்த பிறகு உனக்குள் ஒரு குற்றவுணர்ச்சி வரும். அது வேண்டாம். என் பெயரில் கெட்ட வேலை ஒன்று வெளியே போகாமல் பார்த்துக்கொண்டதைவிடப் பெரிதாக ஒரு மகன் எனக்கு என்ன செய்துவிட முடியும்?

பென் டிரைவை அப்பா கையில் கொடுத்து அனுப்புகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை சேலம் போய், அங்கிருந்து பெங்களூர் பஸ் பிடிப்பார். எங்கே இறங்குவது என்று அவருக்குக் குழப்பம் வரும், நீ நேரத்தோடு போய் நில். அவரிடம் போனதும் என்னைப் பற்றிக் கேட்காதே. முதலில் சாப்பிட வை. உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. சேலத்தில் டாக்டர் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என்னைய மறந்துருவாளுங்களா?" என்றார். டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்படியும் ஒரு நாள் வரலாங்க" என்றார். அவர் சரிங்க என்று தலையாட்டிவிட்டு எழுந்து, மருந்து வாங்கப் போனார். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் கண் விழிக்கும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் ஏனுங்க என்று கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போகிறார்.

என்னிடம் அவரால் இதைப் பேச முடியாது. உன்னிடம் முடியலாம். ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்பார், விடாதே. இரண்டு நாள் வைத்துக்கொள், எங்காவது கூட்டிக்கொண்டு போ, அவர் வாயைத் திறக்கும் வரை நீ பேசாமலிரு. அழுதாரென்றால் எனக்குச் சொல்ல வேண்டாம்.

அம்மா